மூன்று அரியரோடு நின்றுபோன பட்டம்

கருங்கல் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள். எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் என்று பெயர் வாங்கிய நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், முப்பது வயதைக் கடந்த ஆண்களிடம் பட்டம் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? பட்டதாரிகளைப் பெருக்க அரசு செய்வது போதுமா? பி.காம். படித்து மூன்று அரியரை விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போன, இப்போது 36 வயதாகும் உங்கள் அண்ணனுக்கு இனி பட்டம் கிடைக்க வழி உண்டா, கிடைத்தால்தான் என்ன பயன்? மூன்று கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனத்தில் இருப்பது அண்ணன்தான் என்று தோன்றுகிறது. முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் அவரிடமிருந்தே தொடங்குவதால் அதுவும் நல்லதுதான்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஓர் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அதில் சில ஆண்டுகள் தேர்வுப் பொறுப்பு என் தலையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைநிலைக் கல்வி மையம் ஒன்றில் வகுப்பெடுத்தேன். பொறியியல், நர்சிங் கல்லூரிகளின் உள்விவகாரம் எனக்கு மாணவர்கள் சொல்லித் தெரிந்த அளவே. ஆகவே கீழே சொல்வதைக் கலை அறிவியல் கல்லூரிகளைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலச் சராசரி 80.09. உயர்கல்வியிலும் மாநிலம் பின்தங்கியதில்லை. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. தேசியக் கல்விக் கொள்கை 2035-க்குள் எட்டச் சொல்லும் 50-ஐ நாம் இப்போதே நெருங்கிவிட்டோம். மேடைகளில் இந்த எண்ணைத்தான் கேட்கிறீர்கள். அதன் பெயரைக் கவனியுங்கள்: சேர்க்கை விகிதம். கல்லூரிகளில் பெயர் பதிந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையால் வகுப்பதுதான் அது. உங்கள் அண்ணன் கல்லூரியில் இருந்த ஆண்டுகளில் இந்தக் கணக்கில் ஒரு வெற்றியாகப் பதிவாகியிருப்பார். அவர் பட்டம் இல்லாமல் வெளியேறியதை இதே கணக்கு காட்டாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கெடுப்பு கல்வி நிறுவனங்களிடம் எடுக்கப்படுவது. களியக்காவிளையிலிருந்து தினமும் திருவனந்தபுரம் போய்ப் படிக்கும் பிள்ளை கேரளத்தின் கணக்கில் சேரும். எனவே மாவட்ட அளவில் யாராவது ஒரு விகிதத்தைச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்றே பாருங்கள்.

நம் மாவட்டத்தில் கல்லூரி தூரம் என்ற காரணம் செல்லாது. 1809-இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தோபே தொடங்கிய பள்ளியின் வழி வந்த ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893 முதல் நாகர்கோவிலில் கல்லூரியாக நடக்கிறது. மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த 1956-க்கு முன்பே, 1952-இல் தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி வந்துவிட்டது. பிறகு மார்த்தாண்டம், அகஸ்தீஸ்வரம், ஆரல்வாய்மொழி, தூத்தூர், சுங்கான்கடை என்று பஸ் போகும் இடமெல்லாம் கல்லூரி. எங்கள் பழைய முதல்வர் ஒருவர், குமரி மாவட்டத்தில் கல்லூரிக்குப் போகாமல் இருப்பதற்குத்தான் தனி முயற்சி வேண்டும் என்பார். போனவர்கள் முடித்தார்களா என்று நாங்கள் அவரைக் கேட்டதில்லை, அவரும் எங்களைக் கேட்டதில்லை.

படிப்பு எங்கே நின்றுபோகிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நம் பையன்களில் பெரும்பாலோர் படிப்பை ஒரே நாளில் விடுவதில்லை. மூன்று ஆண்டும் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள், பிரிவு உபசார விழாவில் புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள், டி.சி.யும் வாங்கிப் போவார்கள். இரண்டு அல்லது மூன்று தாள் மட்டும் பாக்கி இருக்கும். வணிகவியலில் அது பெரும்பாலும் புள்ளியியலோ அடக்கவிலைக் கணக்கியலோ. எல்லாப் பாடப்பிரிவுக்கும் பொதுவாக, பாகம் இரண்டு ஆங்கிலம். தமிழ் வழியிலோ, விளவங்கோட்டுப் பக்கம் சிலரைப் போல மலையாள வழியிலோ பன்னிரண்டு ஆண்டு படித்தவனிடம் முதல் பருவத்திலேயே ஆங்கிலக் கட்டுரை கேட்கிறோம். அவன் தோற்கிறான். அடுத்த பருவத்தில் அதோடு இன்னொன்று சேர்கிறது. ஆறாம் பருவம் முடியும்போது பழைய பாக்கியைத் தீர்க்க அவனுக்கு நேரம் இருப்பதில்லை. வீட்டில் பொறுமை இருப்பதில்லை.

கல்லூரியை விட்டு வெளியே வந்த பிறகு அரியர் வேறு மாதிரியான சுமையாகிவிடுகிறது. தேர்வுக் கட்டண அறிவிப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அவன் பஹ்ரைனில் இருப்பான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாடத்திட்டம் மாறும். அவன் எழுத வேண்டிய தாளே இருக்காது, அதற்கு இணையான தாள் எது என்று ஒரு கடிதம் வாங்க வேண்டும். கற்றுத்தந்த ஆசிரியர் ஓய்வு பெற்றிருப்பார். படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டு என்பது பல்கலைக்கழக மானியக் குழு சொன்ன பொது அளவு. பல்கலைக்கழகங்கள் இதில் தாராளமாக நடந்துகொண்டதும் உண்டு, இறுக்கியதும் உண்டு. 2020 ஆகஸ்டில், கொரோனாக் காலத்தில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்த அரியர் மாணவர்கள், இறுதிப் பருவம் தவிர, தேர்ச்சி பெற்றதாக அரசு அறிவித்ததும் மாநிலமெங்கும் எழுந்த ஆரவாரம் நினைவிருக்கும். வாழ்த்துப் போஸ்டர்கூட அடித்து ஒட்டினார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அறிவிப்பு சரியா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை வீடுகளில் முடியாத பட்டம் பெட்டிக்குள் கிடக்கிறதா என்று அன்றைக்குத்தான் பலருக்கும் உறைத்தது.

பையன் சோம்பேறி என்று சொல்லி முடித்துவிடுவது எளிது, நானும் சொல்லியிருக்கிறேன். தூத்தூர்க் கடற்கரையிலிருந்து வந்த ஒரு மாணவன் இரண்டு பருவம் தொடர்ந்து தேர்வுக்கு வரவில்லை. மூன்றாவது முறை அலுவலகத்தில் பிடித்து நிறுத்திக் கடிந்துகொண்டேன். அப்பாவோடு ஆழ்கடலுக்குப் போயிருந்ததாகவும், கரை பிடிக்க இரண்டு நாள் பிந்திவிட்டதாகவும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்தக் கரையிலிருந்து போகும் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவை. எங்கள் தேர்வுகள் நவம்பரிலும் ஏப்ரலிலும். மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதாவது அவன் கரையில் சும்மா இருக்கும் அறுபத்தொரு நாளும் கல்லூரி பூட்டியிருக்கிறது அல்லது புதுச் சேர்க்கையில் மூழ்கியிருக்கிறது. அவன் கடலில் இருக்கும்போது கேள்வித்தாள் காத்திருக்கிறது. இவ்வளவு காலம் தேர்வு அட்டவணை போட்ட நாங்கள் யாரும் இந்த இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. எனக்கே அந்தப் பையன் சொன்ன பிறகுதான் தோன்றியது.

மலையோரத்தில் ரப்பர். தொலைநிலைக் கல்வி மையத்தில் குலசேகரம் பக்கத்துப் பால்வெட்டுக்காரர் ஒருவர் இருந்தார். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். ஞாயிறு காலை ஒன்பதரை வகுப்புக்கு எப்போதும் பத்தே முக்காலுக்கு வருவார். பிந்தி வருவதைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: இருட்டோடு போய் மரம் வெட்டி, பால் எடுத்து, ஆசிட் சேர்த்து உறைய ஊற்றிவிட்டுத்தான் கிளம்ப முடியும், வகுப்பைப் பதினொன்றரைக்கு மாற்றினால் மையத்தில் பாதிப் பேர் நேரத்துக்கு இருப்பார்கள். மாற்றினோம். பாதிப் பேரா என்று நான் எண்ணவில்லை; ஆனால் காலியாகக் கிடந்த பின்வரிசை நிறைந்தது. அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்யும் பெண்கள் சிலரும் வரத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வேலையும் கோயில் ஆராதனையும் முடிய அவர்களுக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது. ஒரே ஒரு மையத்தில் கண்டது இது. இதை வைத்து மாநிலத்துக்குச் சட்டம் எழுத முடியாது. என்றாலும் செலவே இல்லாத மாற்றம்.

பெண்களின் கதை வேறு. நான் பார்த்தவரை அவர்கள் பாக்கி வைப்பது குறைவு. நிற்பது கல்யாணத்தால். இரண்டாம் ஆண்டு முடிந்ததும் நிச்சயம் ஆகும். மாப்பிள்ளை வீட்டார் படிக்க வைப்போம் என்பார்கள். அடுத்த ஆண்டு குழந்தை. அப்படி நின்றவர்கள் திரும்பி வரும்போது ஆண்களைவிட உறுதியோடு வருகிறார்கள். மையத்தில் கடைசி வரை நின்று பட்டம் வாங்கியவர்களில் அவர்களே அதிகம் என்பது என் நினைவு.

அரசுத் திட்டங்களுக்கு வருகிறேன். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் பிறகு நீட்டினார்கள். உதவி பெறும் பள்ளிகள் நிறைந்த நம் மாவட்டத்துக்கு அது முக்கியம். ஆயிரம் ரூபாய் சிறிய தொகை என்று சொல்பவர்கள் பஸ் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் கையிலிருந்து கட்டிப் பார்த்திராதவர்கள். கல்யாண வீடுகளில் கேட்டரிங் வேலைக்குப் போய் வருகைப் பதிவைத் தொலைக்கும் பையன், மாதத்தில் நான்கு நாள் போவதை இரண்டாகக் குறைத்தாலே பெரிய ஆதாயம். இந்தத் திட்டங்களை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் இரண்டுமே இன்று பள்ளியிலிருந்து நேராகக் கல்லூரிக்கு வருபவர்களுக்கானவை. தொலைநிலையிலோ அஞ்சல் வழியிலோ படிப்பவர் இவற்றில் வரமாட்டார். பத்து ஆண்டுக்கு முன் நின்றுபோனவரை நோக்கி நீட்டப்பட்ட கை இன்னும் இல்லை.

வயது வந்தவர்களையும் கணக்கில் எடுத்த ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2013-இல் ஓர் இலக்கு வைத்தது: 2025-க்குள் தன் மக்களில் 55 விழுக்காட்டினரிடம் பட்டமோ தொழிற்சான்றிதழோ இருக்க வேண்டும். பள்ளி முடித்து வருபவர்களுக்கு 2015 முதல் இரண்டாண்டுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றது. பள்ளி முடிப்பவர்கள் அத்தனை பேரையும் சேர்த்தாலும் இலக்கை எட்ட முடியாது என்று கணக்குப் போட்டு, 2018-இல் பட்டம் இல்லாத பெரியவர்களுக்கும் அதே சலுகையை நீட்டினார்கள். அவர்கள் சான்றிதழையும் சேர்த்து எண்ணுகிறார்கள், நாம் எண்ணுவது வேறு. அங்கே இரண்டாண்டுக் கல்லூரிகள் பரவலாக உண்டு, நமக்கு அவ்வளவு பரவலான அமைப்பு கிடையாது. எனவே அந்தத் திட்டத்தை இங்கே அப்படியே நட முடியாது. சேர்க்கையை விட்டுவிட்டு, உழைக்கும் வயதினர் அனைவரிடமும் என்ன இருக்கிறது என்று அளக்கத் துணிந்தார்களே, அதைத்தான் நாம் கடன் வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால் புதுக் கல்லூரி கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரி அலுவலகத்திலும் யார் யாருக்கு எந்தத் தாள் பாக்கி என்ற விவரம் பதிவேட்டில் கிடக்கிறது. அதை எடுத்து, ஒரு எழுத்தரையும் ஒரு தொலைபேசியையும் ஆறு மாதம் ஒதுக்கி, மூன்று தாளுக்குள் பாக்கி உள்ளவர்களை மட்டும் கூப்பிட வேண்டும். ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்கள் புள்ளியியலும் ஆங்கிலமும் சொல்லித்தரத் தயாராகவே இருக்கிறோம். வீட்டில் எங்களை யாரும் அவ்வளவாகத் தேடுவதில்லை. தேர்வை ஜூலையில் ஒருமுறை தனியாக வைக்கலாம். காலம் கடந்தவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் சிறப்பு அரியர் தேர்வு வாய்ப்பைச் சில முறை கொடுத்திருக்கிறது. மற்றவர்களும் அதை அருளாகக் கொடுக்காமல் வழக்கமாக்கலாம். புதிதாக ஒருவரை மூன்று ஆண்டு படிக்க வைப்பதோடு ஒப்பிட்டால், முக்கால்வாசிக்கு மேல் ஏறிவிட்டவரை மேலே தூக்கிவிடும் செலவு சொற்பம். இது எந்த ஆய்வும் சொன்ன முடிவில்லை, தேர்வு அறையில் உட்கார்ந்திருந்தவனின் கணிப்பு. பாதிப் பேர் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

பட்டத்தால் பயன் உண்டா என்ற கேள்வியில் நேர்மையாகத் தயங்க வேண்டியிருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இந்தியாவைப் பற்றி 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், 2022 நிலவரப்படி இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4. இதைக் காட்டிப் படிப்பே வீண் என்று பேசுபவர்கள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரால் வேலையில்லாமல் ஒரு வாரம்கூட உட்கார முடியாது, கிடைத்ததைச் செய்துதான் ஆக வேண்டும். பட்டதாரி நல்ல வேலைக்காகக் காத்திருக்கிறார். எனவே அந்த எண் படிப்பைக் குறை சொல்வதைவிட, படித்தவருக்கு ஏற்ற வேலை இல்லாததையே அதிகம் சொல்கிறது. பட்டம் பெருகினால் மட்டும் வேலை பெருகாது என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது. இதை மறைத்து உங்களிடம் பட்டத்தை விற்க எனக்கு மனமில்லை.

உங்கள் அண்ணன் விஷயத்தில் பயன் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. அவருக்கு வேலை ஏற்கனவே இருக்கிறது. வளைகுடாவில் கணக்காளர், மேற்பார்வையாளர் போன்ற பதவிகளுக்கு மாறும்போது சான்றொப்பம் பெற்ற பட்டச் சான்றிதழைக் கேட்பது வழக்கம்; அது இல்லாததால் வேலை தெரிந்தும் கீழ்ப் பதவியிலேயே கிடப்பவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், குரூப் 2 போன்ற தேர்வுகளுக்குப் பட்டம் வேண்டும்; பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினருக்கு அதில் பல பதவிகளுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. 36 வயது அங்கே தடையில்லை. தேர்வில் வெல்வது வேறு விஷயம், அதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

செய்ய வேண்டியது இது. அவருடைய பதிவெண்ணையும் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்களையும் முதலில் தேடி எடுங்கள். அவற்றோடு கல்லூரி அலுவலகத்துக்குப் போய்ப் பாக்கித் தாள்களின் பாடக் குறியீட்டை எழுதி வாங்குங்கள். பிறகு அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள்: அந்தத் தாள்களை இன்னும் எழுத முடியுமா, இணைத் தாள் எது, சிறப்பு வாய்ப்பு வருமா. வாயால் சொல்லும் பதிலை நம்பி அவர் விடுப்பு எடுத்து விமானம் ஏற வேண்டாம்.

வழி இல்லை என்று பதில் வந்தால், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ புதிதாகச் சேர வேண்டியதுதான். பழைய தாள்களை அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ணிப் போகாதீர்கள். தேர்ச்சி பெற்ற பாடங்களுக்கான கிரெடிட்களைச் சேமித்து வைக்கும் கல்வி வங்கி 2021-இல்தான் வந்தது, அவர் காலத்துப் படிப்புக்கு அது உதவாது. மானியக் குழு அனுமதித்த தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்பதில் ஐயம் இல்லை. சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று குழுவின் பட்டியலில் பார்த்துவிடுங்கள். உங்கள் தெருவில் வேறு யாராவது ஆர்வம் காட்டினால் ஒன்று சொல்லுங்கள்: பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கும் பட்டம், 2009 அரசாணைப்படி தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. முதலில் பள்ளியை முடிக்கச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் பஸ் நிலையத்தைச் சுற்றி மின்கம்பங்களில் ஒரே ஆண்டில் பட்டம் என்று ஒட்டியிருக்கும் நோட்டீசைப் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள எண்ணுக்கு அண்ணன் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றொப்பத்துக்குப் போகும்போது அந்தச் சான்றிதழ் பிடிபடும். பட்டம் இல்லாமல் வேலை பார்ப்பதைவிடப் பொய்ப் பட்டத்தோடு அந்நிய நாட்டில் மாட்டிக்கொள்வது பெரிய ஆபத்து. பாக்கியில் ஒன்று புள்ளியியலாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். பழைய பாடத்திட்டத்தின் கேள்வித்தாள் கட்டு ஒன்று இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.